பேஷன்ட் யாரு?

டீயில் சர்க்கரை கூடியிருந்தது. அதுதான் முதலில் என்னை உறுத்தியது.

என் அக்கா சர்க்கரை விஷயத்தில் மகா கஞ்சம். பல் டாக்டரிடம் உதவியாளராக வேலை. நாளெல்லாம் சொத்தைப் பல்லைப் பார்க்கிறவள். ஒரு கரண்டி கேட்டால் அரைக் கரண்டி போட்டுவிட்டு, "உன் பல்லுக்கு நல்லதுடி" என்பாள். அப்படிப்பட்டவள் கொஞ்ச நாளாகப் பாகு காய்ச்சுவது போல டீ போட்டுத் தருகிறாள். அவ்வளவு இனிப்பையும் தாண்டி நாக்கின் அடியில் ஒரு கசப்பு. மத்தியானம் வீட்டில் அதைக் குடித்துவிட்டுக் கடைக்குத் திரும்பினால் தையல் மெஷின் முன்னால் கண் சொருகும். இரண்டு நாள் முன்பு ஊசி என் விரல் நகத்திலேயே இறங்கியது.

நீங்கள் "டீ கசக்குது" என்று சொன்னால் தூள் கூடிவிட்டது என்பார்கள். நான் சொன்னால் டாக்டரைக் கூப்பிடுவார்கள். ஏனென்றால் நான் இதே வார்த்தையை ஏற்கெனவே ஒருமுறை சொல்லியிருக்கிறேன். அப்போது டீயில் ஒன்றுமே இல்லை.

அது என் மனம் தடம் புரண்ட காலம். குழாயைத் திறந்தால் தண்ணீரோடு பேச்சும் வந்தது. மாடி வீட்டுக்காரர்கள் குழாய் வழியாக என்னைப் பற்றிப் பேசுவதாக நம்பினேன். அக்கா விஷம் வைக்கிறாள் என்று சாப்பாட்டைத் தள்ளினேன். அவளும் பாவம், எத்தனை நாள்தான் தாங்குவாள்? அத்தானுக்குக் கப்பலில் வேலை. வருஷத்துக்கு இரண்டு தரம் முகம் காட்டுவார். தனியாளாகத் திண்டாடியவள் ஒரு காலையில் சிரித்த முகத்தோடு வந்து, "கிளம்புடி, எங்க டாக்டர்கிட்ட ஒரு தடவை பல்லைக் காட்டிட்டு வந்துடலாம்" என்றாள். நல்ல உடுப்பாகப் பார்த்து உடுத்திக்கொண்டு வேனில் ஏறினேன். வேன் நின்ற இடத்தில் பல் டாக்டர் இல்லை. ஆளுயரத்துக்கு மேல் ஒரு இரும்புக் கேட் இருந்தது.

பெரிய கேட்டுக்குள் நடந்ததை நான் விவரமாகச் சொல்வதில்லை. கேட்பவர்கள் என்னைப் பாவமாகப் பார்ப்பார்கள், எனக்கு அது பிடிக்காது. முடியை வெட்டினார்கள். கட்டிலோடு கட்டினார்கள். குளிக்கும் இடத்துக்குக் கதவு இல்லை, ஒரு துணித் திரைகூட இல்லை. திரைச்சீலை தைத்துப் பிழைப்பவள் நான். அந்த வெறும் வாசலைப் பார்த்துக்கொண்டே என்ன துணி, எத்தனை மடிப்பு, கீழ் விளிம்பில் எவ்வளவு மடித்துத் தைக்கலாம் என்று மனசுக்குள் கணக்குப் போட்டபடி குளித்தேன். அவ்வளவு போதும்.

அங்கிருந்து என்னைக் கூட்டிவந்ததும் அக்காதான். என்னைப் பார்க்க வந்தவள் என் மணிக்கட்டைப் பார்த்தாள். அன்றைக்கே கையெழுத்துப் போட்டு வெளியே கொண்டுவந்துவிட்டாள். பிறகுதான் தபால் நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் சின்ன கிளினிக்குக்குப் போகத் தொடங்கினோம். அங்கே ஒரு நர்ஸ். வெயிலோ மழையோ, கையில் குடை இல்லாமல் பார்க்க முடியாது. குடை சிஸ்டர் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். அந்த கிளினிக்கில் ஒரு வழக்கம். ஒருவரைப் பற்றிப் பேசுவதென்றால் அவர் அந்த இடத்தில் இருக்கவேண்டும். வீட்டுக்காரர்கள் தனியாகப் போன் செய்து, "அவளுக்குத் தெரியவேண்டாம், ஆனா..." என்று இழுத்தால் குடை சிஸ்டர், "அவளையும் கூப்பிடுங்க, சேர்ந்தே பேசலாம்" என்று சொல்லிவிடுவார்.

"திரும்ப உடம்புக்கு வந்தா வீட்டுல என்ன செய்யணும்னு நினைக்கிற?" என்று அவர் என்னைக் கேட்டார். என்னை அப்படி யாரும் கேட்டதே இல்லை. நான் யோசிக்கக்கூட இல்லை. "பொய் சொல்லக் கூடாது. அது போதும்" என்றேன். அக்கா எல்லார் முன்னாலும் வாய்விட்டுச் சொன்னாள்: "இனிமே பொய் சொல்ல மாட்டேன்."

அந்த அக்காவைத்தான் இப்போது நான் சந்தேகப்பட்டேன். எனக்கே வெட்கமாக இருந்தது. பாம்பென்று தாண்டவும் முடியவில்லை, பழுதையென்று மிதிக்கவும் முடியவில்லை. ஏனென்றால் எனக்கும் தூக்கம் குறைந்திருந்தது நிஜம். ஒரு பெரிய மண்டபத்தின் மேடைத் திரைக்கு ஆர்டர் வந்திருந்தது. சிவப்பு வெல்வெட், மலை போலக் குவிந்து கிடந்தது. அதை நினைத்தாலே உற்சாகம். தைக்கும்போது முணுமுணுவென்று பாடினேன். கடைக்கு வந்த அக்கா அதைக் கேட்டுவிட்டுக் கதவோரத்தில் நின்றாள். போன தடவையும் பாட்டில்தான் தொடங்கியது என்பது அவள் நினைவு. எனக்கு அப்படியொரு நினைவு இல்லை. ஆனால் என் நினைவுக்கு யார் மதிப்புக் கொடுப்பார்கள்? நான் சிரித்தால் ஒரு பார்வை, பேசாமல் இருந்தால் ஒரு பார்வை. சந்தோஷத்தைக்கூட ஒளித்துவைத்துத்தான் அனுபவிக்க வேண்டியிருந்தது.

நேற்று மாலை அக்கா குளியலறைக்குள் இருந்தாள். குழாய் முழுதாகத் திறந்து கொட்டிக்கொண்டிருந்தது. நான் துண்டு எடுக்க அந்தப் பக்கம் போனேன். தண்ணீர்ச் சத்தத்துக்குள் ஒரு குரல். "நாளைக்கு மத்தியானம்... தூங்கினதும் வந்தா போதும்... கட்ட வேண்டியிருக்காது."

அப்படியே உறைந்து நின்றேன். பேசியது அக்காவா, குழாயா? அக்கா என்றால் என் கதை முடிந்தது. குழாய் என்றால் என் மூளை முடிந்தது. எது என்று தெரிந்துகொள்ள எனக்கு இருப்பதும் அதே மூளைதான். குற்றவாளியையே சாட்சிக்குக் கூப்பிடுவது எப்படி? குழாய் நின்றது. அக்கா ஈர முகத்தோடு வெளியே வந்தாள். கையில் போன் இருந்தது. என்னைப் பார்த்ததும் சிரித்தாள்.

"என்னடி சின்னவளே, பேயறைஞ்ச மாதிரி நிக்கிற?"

"துண்டு எடுக்க வந்தேன்" என்றேன்.

அதே சிரிப்பு. பல்லைக் காட்டப் போகலாம் என்று கூப்பிட்ட அன்றைக்கு வந்த அதே சிரிப்பு. நாளெல்லாம் அவள் வேலையே அதுதானே. ஊசியோடு டாக்டர் நெருங்கும்போது பேஷன்ட் கையைப் பிடித்துக்கொண்டு, "வலிக்காது" என்று சொல்வது.

இன்று காலை கடைக்குப் போகவில்லை. நேராக கிளினிக்குக்குப் போனேன். வழியெல்லாம் ஒரு பயம். போன தடவை நான் சொன்னதையேதான் சொல்லப் போகிறேன். டீயில் என்னவோ கலக்கிறாள், குழாய்ச் சத்தத்தில் என்னைப் பற்றிப் பேசுகிறாள். இதைக் கேட்டுவிட்டு யார் என்னை வீட்டுக்கு அனுப்புவார்கள்? திரும்பிவிடலாமா என்று வாசலில் நின்றேன். குடை சிஸ்டரே பார்த்துவிட்டார்.

உட்காரவைத்துக் கேட்டார். நான் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசவில்லை. முடித்ததும் நானே, "போன தடவையும் இப்படித்தான் சொன்னேன் சிஸ்டர். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்" என்றேன். சிரிக்கப் பார்த்தேன். வரவில்லை.

"தூக்கம் எப்படி?"

"குறைச்சல்தான்."

"குழாய் பேசுதா?"

"தெரியல. அதைத்தான் கேக்க வந்தேன்."

"சரி. போன தடவை தப்பா இருந்துச்சுன்னா இந்தத் தடவையும் தப்பாத்தான் இருக்கணும்னு சட்டமா?" என்று குடையை எடுத்தார். "உனக்குக் கொஞ்சம் வர்ற மாதிரியும் இருக்கலாம். உங்க அக்கா ஏதாவது செய்யவும் செய்யலாம். ரெண்டும் சேர்ந்தும் நடக்கலாம். வா, போய்ப் பார்ப்போம்."

போய்ப் பார்ப்போம். அந்த வார்த்தைக்கு நான் அழுதுவிட்டேன். என் பேச்சைக் கேட்டு எனக்கு ஊசி போடாமல், என் பேச்சைச் சரிபார்க்கக் கிளம்பிய முதல் ஆள் அவர்தான்.

வழியில் கேட்டேன், "வேன் வந்துட்டா?"

"நீ சம்மதிக்காம உன்னை யாரும் தூக்கிட்டுப் போகக் கூடாது."

"போன தடவை ஏமாத்திக் கொண்டுபோனாங்களே."

"ஆமா. செய்யக் கூடாததைத்தான் செஞ்சாங்க" என்றார். எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்லவில்லை. அது எனக்குப் பிடித்திருந்தது, பயமாகவும் இருந்தது.

எங்கள் வீடு இரண்டாம் மாடியில். ஒரே கூடம், அதற்குத் தெருவைப் பார்த்த ஜன்னல். ஊரெல்லாம் திரை தைத்துக் கொடுக்கிறேன், என் ஜன்னலுக்குத் திரை கிடையாது. யார் வருகிறார்கள் என்று எனக்குத் தெரியவேண்டும். மத்தியானம் நாங்கள் உள்ளே நுழைந்தபோது மேசையில் என் நீலக் கோப்பை ஏற்கெனவே ஆவி பறக்கத் தயாராக இருந்தது. அக்கா பக்கத்திலேயே நின்றாள். எனக்குப் பின்னால் சிஸ்டரைப் பார்த்ததும் அவள் முகம் வெளுத்தது.

"வாங்க சிஸ்டர்... என்ன திடீர்னு?"

"சும்மாதான். இந்தப் பக்கம் வந்தேன். நல்ல வெயில்" என்று சொல்லி உட்கார்ந்தார்.

"இருங்க, உங்களுக்கும் டீ போடறேன்."

"எதுக்கு? இதோ இருக்கே. இவளுக்கு அப்புறமா போட்டுக் கொடுங்க" என்று என் நீலக் கோப்பையைக் கையில் எடுத்தார். சாவகாசமாக வாய்க்கருகே கொண்டுபோனார்.

அக்கா பார்த்துக்கொண்டு நின்றாள். நானும் பார்த்தேன். அவள் பேசாமல் இருந்துவிட்டால் என் மூளை மறுபடி கெட்டுவிட்டது என்று அர்த்தம். பேசிவிட்டால் எனக்கு அக்கா இல்லை என்று அர்த்தம். எது வேண்டும் என்று என்னையே கேட்டுக்கொண்டேன்.

"வேணாம் சிஸ்டர்! அதைக் குடிக்காதீங்க!"

கோப்பை மேசைக்குத் திரும்பியது.

எனக்கு முதலில் வந்தது கோபம் இல்லை. சொன்னால் நம்பமாட்டீர்கள், சந்தோஷம். டீ கசந்தது உண்மை. குழாய் பேசவில்லை. என் நாக்கு நல்ல நாக்கு, என் காது நல்ல காது. அந்தச் சந்தோஷம் ஒரு மூச்சு நேரம்கூட நிற்கவில்லை. குழாய் பேசவில்லை என்றால் பேசியது அக்கா. அப்படியென்றால் நாளைக்கு மத்தியானம் என்று சொன்னது இன்றைக்கு, இந்த மத்தியானம்.

"என்ன மாத்திரை?" என்று சிஸ்டர் கேட்டார்.

"அந்தப் பெரிய கேட்டுல கொடுத்து அனுப்பினாங்களே... பழைய தூக்க மாத்திரை." அக்கா தரையில் சரிந்து உட்கார்ந்தாள். "நான் என்ன செய்யறது? பாடறா, தூங்கறதில்ல. போன தடவை மாதிரியே இருக்கு. உங்களுக்குத்தான் முதல்ல போன் பண்ணேன். நீங்க, அவளையும் கூப்பிடுங்கன்னு சொன்னீங்க. அவ காதுபடச் சொன்னா என்ன ஆகும்? சாப்பாட்டைத் தள்ளிடுவா, என்னையும் தள்ளிடுவா. பயந்துட்டேன் சிஸ்டர். சத்தியமா பயந்துட்டேன்."

"என்னைக் கேட்டிருக்கலாமே அக்கா" என்றேன். என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. "தூக்கம் வரலையாடின்னு ஒரு வார்த்தை."

அவள் தலையில் அடித்துக்கொண்டாள். கொண்டை அவிழ்ந்து முடி முகத்தில் விழுந்தது. திடீரென்று எழுந்து போனைத் தேடினாள். "ஐயோ, அவங்க கிளம்பியிருப்பாங்க. வேணாம்னு சொல்லிடறேன், இரு, இரு..." தப்புத் தப்பாக அழுத்தினாள். மணி போனது. யாரும் எடுக்கவில்லை. நான் ஜன்னலுக்குப் போனேன். தெருவில், சைக்கிள் கடைக்கு முன்னால், வெள்ளை வேன் நின்றிருந்தது. பின்கதவு திறந்திருந்தது. உள்ளே ஆள் இல்லை.

படிகளில் செருப்புச் சத்தம் கேட்டது.

அக்கா நீலக் கோப்பையை எடுத்து அடுப்படித் தொட்டிக்குள் வீசினாள். அது உடைந்து தெறித்தது. அவள் ஓவென்று அழுதபடி கதவைச் சாத்த ஓடினாள், அதற்குள் கதவு திறந்துவிட்டது. இரண்டு பேர். ஒருவன் நெட்டை, இன்னொருவன் கழுத்தே இல்லாத தடியன். நெட்டையின் கையில் அகலமான நாடா சுருட்டிவைத்திருந்தது. அந்த நாடாவின் அகலம் என் மணிக்கட்டுக்குத் தெரியும்.

"தூங்கிட்டிருப்பாங்கன்னு சொன்னாங்களே" என்றான் நெட்டை. எங்கள் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தான். "பேஷன்ட் யாரு?"

நான் ஜன்னலோரம் அசையாமல் நின்றேன். பயத்தில் அசைய முடியவில்லை, பார்ப்பவர்களுக்கு அது அமைதியாகத் தெரிந்திருக்கும். சிஸ்டர் சுத்தமான உடையில், குடையோடு. அக்கா தலைவிரிகோலமாக, சிந்திய டீயோடு, வெறுங்காலில், அழுதுகொண்டு. நெட்டை ரொம்ப யோசிக்கவில்லை. தடியனுக்குக் கண்ணைக் காட்டினான். தடியன் அக்காவின் மேல்கையைப் பிடித்தான்.

"ஏய், விடு! நான் இல்ல! எனக்கு ஒண்ணுமில்ல!"

"ஒண்ணுமில்லதாம்மா. யாரு இருக்குன்னு சொன்னாங்க? சும்மா ஒரு டாக்டரைப் பார்த்துட்டு உடனே வந்துடலாம்" என்றான் நெட்டை. குரலில் தேன் வடிந்தது. "வலிக்காது."

அக்கா ஒரு கணம் அலறலை நிறுத்திவிட்டாள். அந்த வார்த்தையை அவள் வாழ்நாளில் எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பாள்! அவள் கண் என்னைத் தேடியது.

"கையை எடுங்க! அவங்க இல்ல!" என்று சிஸ்டர் எழுந்தார்.

"அவங்க இல்லைன்னா யாரு? நீங்களா?" என்று தடியன் சிரித்தான். பிடியை விடவில்லை. "எல்லாரும் நான் இல்ல, நான் இல்லன்னுதான் சொல்லுவாங்க." அக்காவை வாசல் பக்கம் இழுத்தான். அவள் காலை ஊன்றப் பார்த்து வழுக்கினாள்.

உள்ளதைச் சொல்கிறேன். ஒரு நொடி, இழுக்கட்டும் என்று இருந்தது. அந்தப் பிடி எப்படியிருக்கும் என்று அவளும் தெரிந்துகொள்ளட்டும். வாயைத் திறந்தால் அந்தக் கை என் பக்கம் திரும்பும். திறக்காமல் இருந்தால் சிஸ்டர் எப்படியும் புரியவைத்துவிடுவார். நான் பேசவேண்டிய அவசியமே இல்லை. இவ்வளவு கணக்கும் என் மனதில் ஓடியது. அக்கா கத்தவில்லை, "அவதான் பேஷன்ட்" என்று என்னைக் காட்டவுமில்லை. அவள் விரல் ஒன்று நீண்டிருந்தால் போதும், தப்பித்திருப்பாள். நீளவில்லை.

"அவளை விடுங்க" என்றேன். "பேஷன்ட் நான்தான்."

தடியன் கையை விட்டான். இருவரும் என்னைப் பார்த்தார்கள். நெட்டை நாடாவின் நுனியை விரலால் நெம்பி விடுவித்தான்.

"பேஷன்ட் நான்தான்" என்று மறுபடி சொன்னேன். "நான் வரல."

"அதையெல்லாம் அங்க வந்து டாக்டர்கிட்ட சொல்லும்மா."

சிஸ்டர் எனக்கு முன்னால் வந்து மறைக்கவில்லை. என் பக்கத்தில் வந்து நின்றுகொண்டார். "அவ வரலைன்னு சொன்னதுக்கப்புறம் தொட்டா அது குற்றம். அவ எங்க கிளினிக்ல வைத்தியம் பார்த்துக்கறா. நான் அங்க நர்ஸ். போலீஸைக் கூப்பிடணுமா, நீங்களே இறங்கறீங்களா?"

நெட்டை அவரைக் கணக்கிலேயே எடுக்கவில்லை. அக்கா பக்கம் திரும்பினான். "நீங்கதானே போன் பண்ணது? சொந்தக்காரங்க நீங்க சொன்னாத்தான். சொல்லுங்க, எடுத்துட்டுப் போகவா, வேணாமா?"

எடுத்துட்டுப் போகவா. பழைய பீரோவைக் கேட்பது போலக் கேட்டான். நான் அக்காவைப் பார்த்தேன். அவள் தன் மேல்கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மூச்சு வாங்கியது. போன தடவையும் இப்படி ஒருவன் கேட்டிருப்பான், அவள் தலையாட்டியிருப்பாள். இந்தத் தடவையும் ஆட்டினால்? சிஸ்டர் ஒருத்தி, அவர்கள் இரண்டு பேர், படி இறங்கினால் வேன். என் காதுக்குள் ரத்தம் குழாய் போல இரைந்தது.

"என்னை எதுக்குக் கேக்கற?" என்றாள் அக்கா. "வரலைன்னு அவ சொல்றா. உனக்குக் காது கேக்கலையா?"

நெட்டை இன்னும் ஒரு முறை எங்கள் மூவரையும் பார்த்தான். "வண்டி வாடகைக்கு யாரு பதில் சொல்றது? இந்த வீட்டுல யாருக்குப் பைத்தியம்னே தெரியல" என்று முனகிக்கொண்டே நாடாவைச் சுருட்டினான். செருப்புச் சத்தம் கீழே இறங்கியது. வேன் போகும்வரை நான் ஜன்னலைவிட்டு நகரவில்லை. போன பிறகும் நகரவில்லை. தெருமுனையில் திரும்பி நின்றுகொண்டிருக்கும் என்று தோன்றிக்கொண்டே இருந்தது.

"எனக்குத் தூக்கம் இல்லதான் சிஸ்டர்" என்றேன், தெருவைப் பார்த்தபடியே. "நாளைக்கு நானே கிளினிக் வரேன். டாக்டர்கிட்ட நானே பேசறேன்."

"நானும் வரட்டுமா?" என்று அக்கா பின்னாலிருந்து கேட்டாள். அனுமதி கேட்கும் குரலில் அவள் என்னிடம் பேசியது அதுதான் முதல் தடவை.

"வா. ஆனா என் முன்னாலதான் பேசணும்."

அடுப்படிக்குப் போனேன். தொட்டியில் கிடந்த நீலத் துண்டுகளைப் பொறுக்கி ஒரு காகிதத்தில் சுற்றினேன். மூன்று பேருக்கும் டீ போட்டேன். சிஸ்டருக்கு ஒன்று, அக்காவுக்கு ஒன்று, எனக்கு ஒரு டம்ளர். சிஸ்டர் ஊதி ஊதிக் குடித்தார்.

அக்காவின் மேல்கையில் நான்கு விரல்களும் சிவப்பாகப் பதிந்திருந்தன. கோப்பையை வாங்கிக்கொண்டாள். வாய்க்கருகே கொண்டுபோனாள். அங்கேயே நிறுத்தினாள். டீயைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். அவள் கண்ணில் இருந்தது என்ன என்று எனக்கு நன்றாகத் தெரியும். நான் அதோடுதான் நாள்கணக்காக அந்த வீட்டில் டீ குடித்துக்கொண்டிருந்தேன்.

"சர்க்கரை மட்டும்தான் அக்கா" என்றேன். "அரைக் கரண்டி."

அவள் குடிக்கும்வரை பார்த்துக்கொண்டே நின்றேன்.